லொக்... லொக்... எத்தனை மூடி பாஸ்?

நாளைக்குக் காலையில் பத்து மணிக்கு செமஸ்டர் பேப்பர். இப்போ மணி ராத்திரி ஒன்றரை. ரூமில் நாலு பேர். மூணு பேர் தூங்கியாச்சு, இல்லேன்னா தூங்க முயற்சி பண்றாங்க. நீங்க மட்டும் 'லொக்... லொக்...'. சளியும் வரலை, ஒண்ணும் வரலை. தொண்டைக்குள்ள யாரோ கோழி இறகை விட்டுக் குடையிற மாதிரி ஒரு அரிப்பு. எழுந்து உட்கார்ந்தா கொஞ்சம் சும்மா இருக்கு. படுத்தா மறுபடி ஆரம்பம். எதிர்க் கட்டிலில் இருந்து ஒரு தலையணை பறந்து வருது. கூடவே ஒரு ஐடியாவும் வருது. "டேய், அலமாரியில போன வருஷ சீனியர் விட்டுட்டுப் போன சிரப் இருக்கு பாரு. ரெண்டு மடக்கு ஊத்திட்டுப் படுடா!"

லேபிள் பாதி கிழிஞ்ச பாட்டில். அளவு பார்க்கிற குட்டிக் கப்பைக் காணோம். அதனால என்ன, அப்படியே அண்ணாந்து... கொஞ்சம் இருங்க பாஸ்!

இருமல் சிரப்பை நாம மருந்து லிஸ்ட்லயே சேர்க்கிறதில்லை. தலைவலி மாத்திரைன்னா கூட "ஒண்ணா, ரெண்டா?"ன்னு கேட்போம். சிரப்புன்னா மட்டும் ரோஸ்மில்க் மாதிரி ஒரு நினைப்பு. இனிப்பா இருக்கு, கலரா இருக்கு, சின்ன வயசுல அம்மா ஸ்பூன்ல ஊத்திக் கொடுத்த ஞாபகம் வேற. ஆனா அந்த பாட்டிலுக்குள்ள இருக்கிறது உங்க மூளைக்கே ஆர்டர் போடுற சமாச்சாரம். அது என்ன ஆர்டர் போடுது, எப்போ போடக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கிட்டா ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம். தெரியாமக் குடிச்சா சில பேருக்கு அது ஐ.சி.யூ. வரைக்கும் போற விஷயம்.

விடிய விடிய விசில்!

இருமல்ங்கிறது வியாதி கிடையாது. அது வாட்ச்மேன் வேலை. மூச்சுக்குழாயில் தூசியோ, சளியோ, புரையேறின சோத்துப் பருக்கையோ பட்டதும் அங்கே இருக்கிற நரம்பு முனைகள் மூளைக்குத் தகவல் அனுப்பும். மூளையின் அடிப்பகுதியில் முகுளம்னு ஒரு இடம் இருக்கு. அங்கிருந்து உத்தரவு வந்த அடுத்த நொடி, நெஞ்சும் வயிறும் குரல்வளையும் கூட்டணி போட்டுக் காற்றை வெடிச்சுத் தள்ளும். உள்ளே வந்தவன் வெளியே!

சளி இருமலில் இந்த வாட்ச்மேன் உருப்படியான வேலை பார்க்கிறார். நுரையீரலில் சேர்ந்த அழுக்கை வாரி வெளியே கொட்டுறார். அவரைப் போய் 'சத்தம் போடாதே'ன்னு அடக்கினா, சளி உள்ளேயே தங்கும். அது நல்லதில்லை.

வறட்டு இருமல் வேற கதை. சளிக்காய்ச்சல் வந்து போயிருக்கும். கிருமி மூட்டை முடிச்சைக் கட்டியிருக்கும். ஆனா அது விட்டுட்டுப் போன எரிச்சலில் நரம்பு முனைகள் கூச்சம் பிடிச்சுக் கிடக்கும். ஏ.சி. காற்று பட்டா இருமல், சத்தமாச் சிரிச்சா இருமல், செல்போன்ல பேசினா இருமல். திருடனே இல்லாத தெருவில் விடிய விடிய விசில் அடிக்கிற வாட்ச்மேன்! இவரை ராத்திரி நேரம் மட்டும் கொஞ்சம் உட்கார வைக்கத்தான் இருமலை அடக்குற சிரப். அது இருமலைக் குணப்படுத்தாது. எரிச்சலை ஆற்றாது. முகுளத்துக்கிட்ட போய் "கொஞ்சம் கண்டுக்காம விடுப்பா"ன்னு மட்டும் சொல்லும். அவ்வளவுதான் அதனால முடியும்.

பேர் ஒண்ணு, சரக்கு வேற

மெடிக்கல் ஷாப்ல போய் "அண்ணே, இருமலுக்கு ஒரு சிரப் குடுங்க"ன்னு கேட்கிறதுலதான் பாதிக் குழப்பம் ஆரம்பிக்குது. அந்தக் கண்ணாடி அலமாரியில் வரிசையா நிக்கிற பாட்டில் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. ஒண்ணு இருமலை அடக்கும். இன்னொண்ணு சளியை இளக்கி இருமி வெளியேத்த வைக்கும். இன்னொண்ணு மூச்சுக்குழாயை விரிச்சு விடும். நீங்க கேட்கிற விதத்தைப் பொறுத்து அண்ணன் எதை எடுப்பார்னு அவருக்கே சந்தேகம்!

ஒரு உதாரணம் சொன்னா ஆச்சரியப்படுவீங்க. ஆஸ்கோரில் எல்.எஸ். கேள்விப்பட்டிருப்பீங்க. ஆஸ்கோரில் டி ப்ளஸ்ஸும் கேள்விப்பட்டிருப்பீங்க. அண்ணன் தம்பி மாதிரி ஒரே பேர். ஆனா எல்.எஸ். பாட்டிலில் இருக்கிறது அம்ப்ராக்சால், லெவோசால்பியூடமால், குவாய்பெனசின். மூணுமே சளியை இளக்குறது, மூச்சுக்குழாயை விரிக்கிறது சம்பந்தப்பட்ட ஆளுங்க. டி ப்ளஸ் பாட்டிலில் இருக்கிறது டெக்ஸ்ட்ரோமெத்தார்பான், குளோர்பெனிரமின், ஃபினைலெப்ரின். இதில் டெக்ஸ்ட்ரோமெத்தார்பான்தான் நாம தேடுற 'அடக்கி'. பேருக்குப் பின்னாடி வர்ற ரெண்டு எழுத்து மாறினா மருந்தோட வேலையே தலைகீழ். வறட்டு இருமலுக்கு எல்.எஸ்.ஸைக் குடிச்சுட்டு "கை நடுங்குது மச்சி, நெஞ்சு படபடங்குது"ன்னு புலம்பினா, அது லெவோசால்பியூடமாலின் கைங்கரியம்.

அதனால பிராண்டு பேரை விடுங்க. பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தில் 'ஒவ்வொரு 5 மி.லி.யிலும் இருப்பது'ன்னு ஆங்கிலத்தில் ஆரம்பிக்கிற அந்த நாலு வரியைப் படிங்க. டெக்ஸ்ட்ரோமெத்தார்பான் ஹைட்ரோப்ரோமைடுன்னு இருந்தா அடக்குற கட்சி. அம்ப்ராக்சால், ப்ரோம்ஹெக்சின், குவாய்பெனசின்னு மட்டும் இருந்தா சளியை வெளியேத்துற கட்சி. ரெண்டு கட்சியும் ஒரே பாட்டிலில் கூட்டணி வெச்சிருந்தா? வாட்ச்மேனைத் தூங்கச் சொல்லிட்டுத் திருடனை உள்ளே அனுப்புற வேலை. அந்தக் கூட்டணி எதுக்குன்னு டாக்டரிடமே கேளுங்க. 2023 ஜூனில் மத்திய அரசு 14 கூட்டு மருந்துகளுக்குத் தடை போட்டபோது, ப்ரோம்ஹெக்சினும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பானும் சேர்ந்த இருமல் கலவைகளும் அந்தப் பட்டியலில் இருந்தன.

குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் ரெண்டும் அலர்ஜி மருந்துகள். தூக்கம் வர வைக்கும். "சிரப் குடிச்சா நல்லாத் தூக்கம் வருதுடா"ன்னு சொல்றது பெரும்பாலும் இவங்க உபயம். ஃபினைலெப்ரின் மூக்கடைப்புக்குன்னு சேர்ப்பாங்க. வாய் வழியாச் சாப்பிட்டா அது மூக்கடைப்பைக் குறைக்கிறதில்லைன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 2023-ல் ஒருமனதாச் சொல்லிடுச்சு. இருந்தாலும் நம்ம பாட்டில்களில் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கு!

மடக்குக் கணக்கு வேண்டாம்

இப்போ அளவு. டெக்ஸ்ட்ரோமெத்தார்பானைத் தனியா எடுத்தா, 12 வயசைத் தாண்டினவங்களுக்கு வழக்கமான அளவு 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை 10 முதல் 20 மி.கி., இல்லேன்னா 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை 30 மி.கி. எப்படிக் குடிச்சாலும் 24 மணி நேரத்தில் 120 மி.கி.யைத் தாண்டக் கூடாது. அது உச்ச வரம்பு. அவ்வளவு குடிச்சே ஆகணும்னு இல்லை.

ஒரு பிராண்டில் 5 மி.லி.க்கு 10 மி.கி. இருக்கும், இன்னொண்ணில் 15 மி.கி. இருக்கும். ஸோ, "நான் எப்பவும் ரெண்டு மூடிதான்"ங்கிற கணக்கு பாட்டில் மாறினா செல்லாது. கூட்டு சிரப்பா இருந்தா, கூட இருக்கிற மத்த மருந்துகளுக்கும் சேர்த்துத்தான் லேபிளில் அளவு போட்டிருப்பாங்க. அந்த லேபிள் அளவும் டாக்டர் சொன்ன அளவும்தான் கணக்கு. மேலே சொன்ன 120-ஐ வெச்சுக்கிட்டு நீங்களே வகுத்துப் பெருக்கி லேபிளைத் தாண்டாதீங்க.

டீஸ்பூன்னா 5 மி.லி.ங்கிறது புத்தகக் கணக்கு. மெஸ்ல இருந்து சுட்டுட்டு வந்த ஸ்பூனுக்கு அது தெரியாது. ஒரு ஸ்பூன் 3 மி.லி. பிடிக்கும், இன்னொண்ணு 7 பிடிக்கும். பாட்டிலோட வர்ற, கோடு போட்ட கப்பில் ஊத்துங்க. கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. கப் தொலைஞ்சு போச்சா? மெடிக்கல் ஷாப்ல ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சு கொஞ்சக் காசுக்குக் கிடைக்கும். கோடு கோடாத் தெளிவா அளவு இருக்கும்.

முக்கியமா ஒண்ணு. குடிச்சதும் பத்து நிமிஷத்தில் இருமல் நிக்கலைன்னு இன்னொரு மூடி ஊத்தாதீங்க. வேலை செய்யவே அரை மணி நேரம் ஆகலாம். ரெண்டாவது மூடி இருமலைக் கூடுதலா அடக்காது, தலைசுற்றலையும் குமட்டலையும்தான் கூட்டிட்டு வரும். சிரப்பில் பாரசிட்டமாலும் கலந்திருந்தா கவனம் இன்னும் ஜாஸ்தி தேவை. ஏற்கெனவே காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மாத்திரை போட்டுக்கிட்டிருப்பீங்க. ரெண்டு வழியா ஒரே மருந்து போனா, அடி வாங்குறது கல்லீரல்.

ராத்திரி குடிச்சுட்டுப் படுக்கிறது சரி. ஆனா குளோர்பெனிரமின் ஒரே ராத்திரியில் உடம்பை விட்டுப் போற ஆள் இல்லை. மறுநாள் காலையிலும் மந்தம் இருக்கும். "எனக்குத் தூக்கமே வரலையே"ன்னு நீங்க நினைச்சாலும் பிரேக் பிடிக்கிற வேகம் குறைஞ்சிருக்கும். அதனால சிரப் குடிச்ச நாளில் பைக்கை வீட்லயே விட்டுட்டு பஸ்ஸில் போங்க. தண்ணி அடிக்கிற பழக்கம் இருக்கிறவங்களுக்குத் தனியாச் சொல்லணும்... இந்த சிரப்பும் அதுவும் ஒரே ராத்திரியில் சேரவே கூடாது.

மெடிக்கல் ஷாப்ல சொல்லாத மாத்திரை

இதைக் கொஞ்சம் மெதுவாப் படிங்க. நம்ம காலேஜ்களில் மன அழுத்தத்துக்கும் பதற்றத்துக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை சாப்பிடுற மாணவர்கள் இருக்காங்க. உங்க பெஞ்சிலேயே இருக்கலாம். நீங்களாவே இருக்கலாம். அதில் வெட்கப்பட ஒண்ணும் இல்லை. ஆனா யாருக்கும் தெரியக் கூடாதுன்னு ட்ரங்குப் பெட்டிக்கு அடியில் ஒளிச்சு வெச்சு சாப்பிடுவோம். சிக்கல் அங்கேதான். ஃப்ளூவாக்ஸெட்டின், செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம் மாதிரி மாத்திரைகள் மூளையில் செரட்டோனின்ங்கிற ரசாயனத்தைக் கூட்டுறவை. டெக்ஸ்ட்ரோமெத்தார்பானும் அதே செரட்டோனின் விஷயத்தில் கை வைக்கும். ரெண்டும் சேர்ந்தா சில பேருக்கு செரட்டோனின் எல்லை மீறிப் போயிடும். உடம்பு கொதிக்கும், வியர்த்துக் கொட்டும், தசைகள் துடிக்கும், கை கால் விறைக்கும், மனசு நிலைகொள்ளாமத் தவிக்கும். இது உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். இந்த மாத்திரைகளில் சில, டெக்ஸ்ட்ரோமெத்தார்பானைக் கல்லீரல் கரைக்கிற வேகத்தையும் குறைச்சிடும். அதாவது நீங்க குடிச்சது ஒரு மூடி, உடம்புக்குள்ள தங்கி நிக்கிறது அதைவிட ஜாஸ்தி.

எம்.ஏ.ஓ. தடுப்பான்கள்னு ஒரு வகை மாத்திரை இருக்கு. அதைச் சாப்பிடுறவங்களும், நிறுத்தி ரெண்டு வாரம் ஆகாதவங்களும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பானைத் தொடவே கூடாது. லினெசோலிட்ங்கிற ஆன்டிபயாடிக்குக்கும் லேசா அந்தக் குணம் உண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக் கொடுக்கிற மாத்திரைகளில் அதுவும் ஒண்ணு.

எல்லார் முன்னாலயும் கவுன்டரில் நின்னு மாத்திரை பேரைச் சொல்லக் கூச்சமா இருந்தா, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்க. இல்லேன்னா மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டருக்கு ஒரு போன் போதும். "இருமலுக்கு எதைக் குடிக்கலாம் டாக்டர்?"னு கேட்டா அரை நிமிஷத்தில் பதில் வந்துடும். முக்கியமா, இருமல் சிரப் குடிக்கணும்ங்கிறதுக்காக அந்த மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க.

ஆஸ்துமா இருக்கிறவங்களும் சிரப்பைக் கையில் எடுக்கிறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க. வீசிங் சத்தமே இல்லாம, வெறும் வறட்டு இருமலா மட்டும் தலைகாட்டுற ஆஸ்துமாவும் உண்டு. விடியற்காலையில் இருமல், விளையாடினா இருமல், பனியில் இருமல்னு வந்துட்டே இருந்தா சிரப் அதுக்குப் பதில் இல்லை. இன்ஹேலர்தான் பதில்.

'கிக்'குக்காகவா?

உபதேசம் பண்ண வரலை. ஆனா இதைத் தாண்டிப் போகவும் முடியாது. சிரப் பாட்டில் எல்லா ரூம்களிலும் இருமலுக்காக மட்டும் திறக்கப்படுறதில்லைன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த மருந்துகளோட குடும்ப வரலாறே கொஞ்சம் வில்லங்கமானது. 1898-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி இருமலுக்குன்னு மார்க்கெட்டுக்குக் கொண்டு வந்த மருந்தோட பேர் என்ன தெரியுமா? ஹெராயின்! ஆமாம், அதே ஹெராயின்தான். இருமலுக்கு ரொம்ப காலம் கொடுத்து வந்த கோடீனும் அபின் குடும்பத்து வாரிசு. அதுக்கு அடிமையாகிறாங்கன்னு தெரிஞ்சதும், அந்தச் சிக்கல் குறைவா இருக்கிற மாற்று மருந்தாத்தான் 1958-ல் டெக்ஸ்ட்ரோமெத்தார்பானுக்கு அமெரிக்காவில் அனுமதி கொடுத்தாங்க.

கோடீன் கல்லீரலுக்குள் போய் மார்ஃபினா மாறும். இந்த மாற்றம் சில பேர் உடம்பில் பிறவியிலேயே அதிவேகமா நடக்கும். யாருக்கு அப்படின்னு முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நண்பன் குடிச்ச அதே அளவைக் குடிச்ச இன்னொருத்தனுக்கு மூச்சு மெல்ல மெல்லக் குறைஞ்சு நின்னு போகலாம். 18 வயசுக்குக் கீழே இருக்கிறவங்களுக்குக் கோடீன் இருமல் மருந்தே கூடாதுன்னு அமெரிக்காவில் 2018-ல் உத்தரவு வந்தது. இந்தியாவில் 2014 மார்ச்சில் அமலுக்கு வந்த 'ஹெச்1' பட்டியலில் கோடீன் இருக்கு. டாக்டர் சீட்டு இல்லாமக் கொடுக்கக் கூடாது. யாருக்குக் கொடுத்தோம்னு கடைக்காரர் தனி நோட்டில் எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். சீட்டு இல்லாம ஒருத்தர் உங்களுக்கு நீட்டினா, அவர் உங்க மேல பாசத்தில் நீட்டலை!

டெக்ஸ்ட்ரோமெத்தார்பானும் அளவு மீறினா சும்மா விடாது. நெஞ்சு படபடப்பு, ரத்தக் கொதிப்பு, குழப்பம், இல்லாதது கண்ணில் தெரியறது, வலிப்பு வரைக்கும் போகும். பாட்டிலில் கூடவே இருக்கிற மத்த மருந்துகளும் அதே அளவு மீறித்தானே உள்ளே போகுது! அதை யாரும் கணக்கில் எடுக்கிறதில்லை.

ரூம்ல யாராவது பாட்டிலோட சுருண்டு கிடந்து, கூப்பிட்டா சரியாப் பதில் வரலை, மூச்சு மெதுவா வருது, உதடு நீலம் பாரிச்சிருக்குன்னா, "தூங்கி எழுந்தாச் சரியாயிடும்"னு விட்டுடாதீங்க. வார்டனுக்குத் தெரிஞ்சுடும்ங்கிற பயத்தை ஓரமா வெச்சுட்டு உடனே 108. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில் தண்ணியோ மோரோ ஊத்தாதீங்க. காலி பாட்டிலைக் கையோட ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க. விட நினைச்சும் விட முடியாமத் தவிக்கிறவங்களுக்குக் கட்டணமில்லாத எண் 14446. மனசு விட்டுப் பேசணும்னா 14416.

தங்கச்சிக்கு ஊத்தாதீங்க!

லீவுக்கு வீட்டுக்குப் போறீங்க. அக்கா குழந்தை இருமுது. "நான் காலேஜ்ல இதான் குடிச்சேன், சூப்பரா நின்னுச்சு"ன்னு பையிலிருந்து பாட்டிலை எடுக்கிறீங்களா? உள்ளே வைங்க. ரெண்டு வயசுக்குக் கீழே இருமல், சளி மருந்துகள் வேண்டவே வேண்டாம், ஐந்து வயசுக்குக் கீழேயும் பொதுவா வேண்டாம்னு மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் மறுபடியும் சொல்லியிருக்கு.

அதை அப்போ சொல்ல வேண்டி வந்த காரணம் மறக்கக் கூடியது இல்லை. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 2025-ல் குழந்தைகள் ஒவ்வொண்ணா சிறுநீரகம் செயலிழந்து இறந்தாங்க. 20-க்கும் மேற்பட்ட பிஞ்சுகள். சாதாரணச் சளிக்குன்னு அவங்களுக்குக் கொடுத்தது கோல்ட்ரிஃப்ங்கிற சிரப். அது தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஒரு ஆலையில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதிச்சுப் பார்த்ததில் டைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற விஷம் 48.6 சதவிகிதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவிகிதம்! கிட்டத்தட்ட பாதி பாட்டில் விஷம். ஆலையின் லைசென்ஸை அந்த அக்டோபரிலேயே தமிழக அரசு ரத்து செஞ்சது.

டைஎத்திலீன் கிளைக்கால் தொழிற்சாலைகளில் பயன்படுற ஒரு ரசாயனம். சிரப்பில் மருந்தைக் கரைக்க புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் மாதிரி திரவங்கள் வேணும். அந்த மூலப்பொருளை மருந்துத் தரத்தில் வாங்காமலோ, வாங்கினதைச் சோதிக்காமலோ விட்டா இந்த விஷம் உள்ளே நுழையுது. இது புதுக் கதையும் இல்லை. 1937-ல் அமெரிக்காவில் இதே விஷத்துக்கு 100-க்கும் மேற்பட்டவங்க பலியானாங்க. 2022-ல் காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகள். அந்த சிரப்பும் இந்தியாவிலிருந்து போனதுதான்.

இதுக்கு நுகர்வோரா நாம என்ன பண்ண முடியும்? நேர்மையாச் சொன்னா, கொஞ்சம்தான். அது இனிப்பாவே இருக்கும், குடிச்சுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சோதிக்க வேண்டியது கம்பெனியும் அரசும்தான். ஆனா பில் போட்டு வாங்குறதும், பாட்டிலில் இருக்கிற பேட்ச் எண்ணைப் பத்திரமா வெச்சிருக்கிறதும் நம்ம கையில் இருக்கு. ஒரு பேட்ச்சைத் தடை பண்ணினாங்கன்னு செய்தி வந்தா, உங்க பாட்டில் அதுவான்னு பார்க்க வேற வழி கிடையாது. சிரப் குடிச்ச குழந்தைக்கு வாந்தி, வயித்துவலி வந்து சிறுநீர் குறைஞ்சுடுச்சுன்னா ஒரு மணி நேரம் கூடக் காத்திருக்கக் கூடாது. நேரா பெரிய ஆஸ்பத்திரி.

18 நாள் கணக்கு

"நாலு நாளாச்சு, இன்னும் இருமல் நிக்கலையே"ன்னு ரெண்டாவது பாட்டில் வாங்கக் கிளம்புறவங்களுக்கு ஒரு சுவாரஸ்யமான ஆராய்ச்சி. சளிக்காய்ச்சலோட வர்ற இருமல் எத்தனை நாள் இருக்கும்னு அமெரிக்காவில் மக்களிடம் கேட்டாங்க. ஏழு முதல் ஒன்பது நாள்னு பதில் வந்தது. அப்புறம் பழைய ஆய்வுகளை எல்லாம் கூட்டிச் சராசரி பார்த்தாங்க. கிடைச்ச விடை கிட்டத்தட்ட 18 நாள்! 2013-ல் வெளியான ஆய்வு இது. அதாவது எட்டாவது நாளும் இருமறது பெரும்பாலும் இயல்புதான். மருந்து சரியில்லைன்னு அர்த்தம் இல்லை, ஆன்டிபயாடிக் வேணும்னும் அர்த்தம் இல்லை. நாமதான் அவசரப்படுறோம்.

இன்னொரு ரகசியமும் சொல்லிடறேன். கடையில் வாங்குற இருமல் மருந்துகளை வெச்சு நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுக் குழு, இதெல்லாம் நல்லா வேலை செய்யுதுன்னோ செய்யலைன்னோ சொல்ல உறுதியான ஆதாரம் இல்லைன்னுதான் முடிச்சிருக்கு. அதனால சிரப்பைக் கடவுளா நினைக்க வேண்டாம். தூக்கம் கெடுற ரெண்டு மூணு ராத்திரிக்கு மட்டும் அளவோட குடிங்க, போதும். பகல்ல இருமினா இருமிட்டுப் போகட்டும்.

மத்த நேரத்துக்குத் தேன் இருக்கே! பாட்டி வைத்தியம்னு சிரிக்காதீங்க. சளி, இருமல் தொந்தரவுக்கு வழக்கமான மருந்துகளைவிடத் தேன் பரவாயில்லைன்னு 2020-ல் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்களே எழுதியிருக்காங்க. படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன் தேன், இல்லேன்னா வெதுவெதுப்பான தண்ணியில் கலந்து. ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது. பனங்கற்கண்டும் மிளகும் போட்ட பாலுக்கு ஆக்ஸ்போர்டு சர்டிஃபிகேட் இல்லைதான், ஆனா தொண்டைக்கு இதமா இருக்கிறதை யாரும் மறுக்கப் போறதில்லை.

ரூமையும் ஒரு சுற்று பாருங்க. ராத்திரி முழுக்கப் புகையுற கொசுவத்தி, மூஞ்சிக்கு நேரா ஓடுற ஃபேன், பக்கத்துக் கட்டில்காரனோட சிகரெட்... மூணுமே வாட்ச்மேனைச் சீண்டுற பார்ட்டிகள். பதினோரு மணிக்குப் பரோட்டா சால்னா முடிச்சுட்டு உடனே சாஞ்சா, வயித்து அமிலம் மேலே ஏறி அதுவே இருமலைக் கிளப்பும். தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்திப் படுங்க. அப்பாவுக்கும் வறட்டு இருமல், மாசக் கணக்கா நிக்கலைன்னு வீட்ல சொன்னாங்கன்னா அவர் பி.பி. மாத்திரையைப் பாருங்க. பேர் 'ப்ரில்'னு முடியுதா? எனலாப்ரில், ராமிப்ரில் வகையறாவுக்கு இப்படி ஒரு பக்கவிளைவு உண்டு. சிரப் வாங்கித் தராம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, மாத்திரையை மாத்திக் கொடுப்பார்.

சளியில் ரத்தம், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, விடாத காய்ச்சல்... இதில் எது வந்தாலும் நாள் கணக்கெல்லாம் கிடையாது, அன்னிக்கே டாக்டர். எதுவும் இல்லாம வெறும் இருமல்தான், ஆனா ரெண்டு வாரத்தைத் தாண்டிடுச்சுன்னா? சராசரியே 18 நாள்னு இப்பத்தானே சொன்னீங்கன்னு கேட்பீங்க. சரிதான், பெரும்பாலும் அது தானா அடங்குற இருமலாத்தான் இருக்கும். ஆனா நம்ம நாட்டில் ரெண்டு வாரம் தாண்டின இருமலுக்குக் காசநோய் பரிசோதனை செய்யணும்ங்கிறது அரசுத் திட்டத்தின் விதி. சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, ஜீன்ஸ் லூஸாகிற அளவுக்கு எடை குறையறது எல்லாம் சேர்ந்தா சந்தேகம் இன்னும் வலுக்கும். ஒரே ரூமில் நாலு பேர், ஒரே மெஸ், ஒரே பஸ்ஸுன்னு வாழுற நமக்குத்தான் இது சுலபமாத் தொத்தும். சிரப்பால் இருமலை அடக்கி அடக்கி ரெண்டு மாசம் ஓட்டினா, அதுக்குள்ள மூணு ரூம்மேட்டுக்கும் பங்கு போயிருக்கலாம்.

பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசு கிடையாது. காசநோய்னு உறுதியானாலும் மாத்திரை இலவசம், சாதாரண வகைக்கு ஆறு மாசம் சாப்பிட்டா குணமாகும். எங்கே போறதுன்னு தெரியலைன்னா 104-க்கு போன் பண்ணிக் கேளுங்க. சளி மாதிரிக்குக் குட்டி டப்பா கொடுப்பாங்க. காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளிச்சுட்டு, நல்லா ஆழமா இருமி அதில் எடுத்துட்டுப் போகணும். முதல் நாள் ராத்திரி சிரப் வேண்டாம். ரிசல்ட் வர்ற வரைக்கும் ரூம் ஜன்னலைத் திறந்தே வைங்க, இருமும்போது கர்ச்சீப்பால வாயை மூடிக்குங்க.